விட்டுக்கொடுத்த விலை யாருக்குச் சொந்தம்?

ஒரு பொருளை இருபது ரூபாய்க்கு விற்கக்கூடிய வணிகர் ஒருவர், எளியவர்களும் வாங்கட்டும் என்று எண்ணி அதைப் பத்து ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்வோம். கடை திறந்த மறுகணமே வேறொருவர் வந்து, இருப்பு முழுவதையும் பத்து ரூபாய் வீதம் வாங்கிச் சென்று, தெருமுனையில் நின்று இருபது ரூபாய்க்கு விற்கிறார். வணிகருக்கு அவர் கேட்ட விலை கிடைத்துவிட்டது. இருபது ரூபாய் கொடுத்தவரும் மனமொப்பியே கொடுத்தார். எவரும் எவரையும் அடித்துப் பறிக்கவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று களவு போயிருக்கிறது என்று நம் உள்ளம் சொல்கிறது. களவு போன அந்தப் பொருள் எது? அது யாருக்கு உரியதாக இருந்தது?

சென்ற சில ஆண்டுகளாக அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இசை நிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டு விற்பனை பற்றி எழுந்துள்ள பெருங்குமுறலின் அடியில் கிடப்பது இந்தக் கேள்வியே. சீட்டின்மேல் அச்சிட்ட விலை ஒன்று. கட்டணங்கள் சேர்ந்து கைக்கு வரும் விலை வேறு. கைமாறிக் கைமாறி இரசிகரிடம் வந்து சேரும்போது நிற்கும் விலை முற்றிலும் வேறு. பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே நிற்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

மீலாது விழாப் பந்தலிலும் கந்தூரி விழாவிலும் மணல்மீது அமர்ந்து, நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பாடல்களைக் காசு கொடுக்காமலே கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மில் ஏராளம். அத்தகைய நமக்கு, டிக்கெட் எடுத்துப் பாட்டுக் கேட்பவர்களின் துயரம் ஒரு பெருந்துயரமாகத் தோன்றாமற் போகலாம். சோறு கிடைக்காதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும் உலகில் பாட்டுக் கேட்க இடம் கிடைக்காததும் ஒரு குறையா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால், கொடுக்கல் வாங்கலில் நீதி எது என்பதை அரிசி மூட்டையைக் கொண்டுதான் ஆராய வேண்டும் என்பதில்லை. அரிசி விவகாரத்தில் பசி நம் கண்ணை மறைக்கும்; ஆத்திரம் முந்திக்கொள்ளும். பசியில்லாத இடத்தில், எது குற்றம், எது குற்றமன்று என்பதை அமைதியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

இரண்டு டாலர் சீட்டு

இந்தக் குறை நேற்றுப் பிறந்ததன்று. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1867ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கா சென்று, 1868 ஏப்ரல் வரை ஊர் ஊராகத் தம் நூல்களை மேடையில் படித்துக் காட்டினார். சீட்டின் விலை இரண்டு டாலர். கடுங்குளிரில் மக்கள் இரவெல்லாம் வரிசையில் காத்திருந்தனர். புரூக்ளினில் படுக்கைகளைக் கொண்டுவந்து தெருவிலேயே விரித்து, நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்து விடியலை எதிர்பார்த்திருந்தனர். ஆனால் வரிசையின் முன்பகுதியில் நின்றவர்களில் பலர் அவரைக் கேட்க வந்தவர்கள் அல்லர். தரகர்கள் கூலிக்கு நிறுத்திய ஆட்கள். இரண்டு டாலர் சீட்டு அவர்கள் கைக்குப் போய்ப் பல மடங்கு விலையில் வெளியே வந்தது. இதைத் தடுக்க டிக்கன்ஸின் மேலாளர் ஜார்ஜ் டால்பி அரும்பாடு பட்டார். கடைசியில் பத்திரிகைகளின் ஏச்சு அவர் தலையில்தான் விழுந்தது. கொள்ளை இலாபம் பெற்றவர்கள் கூட்டத்தில் கரைந்து போனார்கள்.

இதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் நடந்த வேறொரு நிகழ்ச்சியையும் இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் 1850 செப்டம்பரில் நியூயார்க்கில் பாடினார். அவரை அழைத்துவந்த பி.டி. பார்னம் என்ற புகழ்பெற்ற காட்சி வணிகர், சீட்டுகளை வெளிப்படையாக ஏலத்தில் விட்டார். முதல் சீட்டை ஜான் ஜெனின் என்ற தொப்பி வணிகர் 225 டாலருக்கு எடுத்தார். அன்றைய நிலையில் அது மலைக்கத்தக்க தொகை. அத்தொகையால் தம் கடைக்குக் கிடைக்கப்போகும் விளம்பரத்தை அவர் கணக்கிட்டே கொடுத்தார். முதல் நிகழ்ச்சியில் தமக்குச் சேர்ந்த பங்கை லிண்ட் அந்நகரின் அறச்சாலைகளுக்கு வழங்கிவிட்டார்.

இரண்டையும் ஒப்பிட்டால் வியப்பான ஓர் உண்மை புலனாகிறது. 225 டாலர் நம்மை உறுத்தவில்லை; இரண்டு டாலர் சீட்டு நம்மை உறுத்துகிறது. எனவே விலையின் உயரம் மட்டுமே நம் மனக்குறைக்குக் காரணமாக இருக்க முடியாது. ஏலத்தில் விற்பவர் யார், விலை என்ன, பணம் எங்கே போகிறது என்பதெல்லாம் வெட்ட வெளிச்சம். அங்கே எவரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகையால் களவு போவதற்கும் ஒன்றுமில்லை. டிக்கன்ஸின் நிகழ்ச்சியிலோ, அவர் கேட்டிருக்கக்கூடிய விலைக்கும் கேட்ட விலைக்கும் இடையே ஒரு தொகை இருந்தது. அந்தத் தொகைதான் இடைவழியில் மறைந்துபோனது.

இயந்திரம் நிற்கும் வரிசை

அன்று வரிசையில் கூலியாட்கள் நின்றார்கள். இன்று இயந்திரம் நிற்கிறது. இணையவழி விற்பனை வந்தபின், கணப்பொழுதில் ஆயிரம் பேராக வேடமிட்டு வாங்கக்கூடிய கணினி நிரல்களைத் தரகர்கள் ஏவினார்கள். நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2016 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை ஒன்று இதன் அளவை எடுத்துக்காட்டியது. 2014 டிசம்பரில், மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடைபெறவிருந்த 'யூ2' இசைக்குழுவின் ஒரு நிகழ்ச்சிக்கு, ஒரே தரகரின் நிரல் ஒரே நிமிடத்தில் 1,012 சீட்டுகளை அள்ளிக்கொண்டது. ஒருவருக்கு நான்கு சீட்டு என்ற வரம்பு இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தும் இது நடந்தது.

அந்த ஒரு நிமிடத்தை எண்ணிப் பாருங்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் தம் பெயரைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் ஓர் அரங்கின் பல வரிசைகள் காலியாகிவிடுகின்றன. இருவரும் ஒரே வரிசையில் நின்றதாகச் சொல்வது பொருந்துமா?

அமெரிக்க நாடாளுமன்றம் 2016 டிசம்பரில் இத்தகைய நிரல்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் முதல் நடவடிக்கை எடுக்கப்படுவதற்கு 2021 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. 2022 நவம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் சுற்றுப்பயணச் சீட்டு விற்பனையின்போது குமுறல் உச்சத்தை எட்டியது. அவருடைய சீட்டுகளின் அடிப்படை விலை 49 டாலர் முதல் 449 டாலர் வரை என முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. முன்பதிவுக்காகப் பெயர் கொடுத்தவர்கள் சுமார் 35 இலட்சம் பேர். நவம்பர் 15 அன்று டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் தளத்தைத் தட்டிய கோரிக்கைகள் 350 கோடி என அந்நிறுவனமே கூறிற்று. ஒரே நாளில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன. பொதுமக்களுக்கென வைத்திருந்த அடுத்த விற்பனை கைவிடப்பட்டது. வெறுங்கையோடு திரும்பியவர்கள், அதே சீட்டுகள் மறுவிற்பனைத் தளங்களில் ஆயிரக்கணக்கான டாலருக்கு நிற்பதைக் கண்டார்கள். 2023 ஜனவரியில் இது அமெரிக்க செனட் குழுவின் விசாரணைக்கு வந்தது.

மறுவிற்பனையாளரின் வாதம்

மறுவிற்பனையாளரின் தரப்பையும் நாம் செவிமடுக்க வேண்டும். கேட்காமல் தீர்ப்புக் கூறுவது நீதியாகாது. அவர் மூன்று வாதங்களை முன்வைப்பார். வாங்குபவரும் விற்பவரும் மனமொப்பிச் செய்த வணிகத்தில் மூன்றாமவருக்கு என்ன வேலை என்பது முதல் வாதம். அதிக விலை கொடுப்பவரே அதிக ஆவல் உடையவர். ஆகவே பொருள் உரிய கைக்கே போய்ச் சேருகிறது என்பது இரண்டாவது. சீட்டு விற்காமல் தேங்கினால் இழப்பு தமக்கே. ஆகவே துணிவுக்கு ஏற்ற ஊதியம் வேண்டும் என்பது மூன்றாவது.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். மனமொப்புதல் என்பது வேறு வாயில்கள் திறந்திருக்கும்போதுதான் முழுமை பெறும். பத்து வாயில்களில் ஒன்பதை அடைத்துவிட்டுப் பத்தாவதில் நின்று சுங்கம் கேட்பவர், "நீ விரும்பித்தானே இவ்வழியாக வந்தாய்?" என்று கேட்பது பொருந்தாது. அடைத்தவரும் அவர், கேட்பவரும் அவர்.

இரண்டாவது வாதம் பார்வைக்கு வலுவானது. ஆனால், கொடுக்கும் தொகை ஆவலை மட்டும் அளக்கவில்லை. பணப்பையையும் சேர்த்தே அளக்கிறது. ஒருவருக்கு ஒரு மணிநேர வருமானமாக இருக்கும் தொகை மற்றவருக்கு ஒரு மாத ஊதியமாக இருக்கிறது. அந்த மாத ஊதியக்காரர் அதில் பாதியைக் கொடுக்க முன்வந்தாலும், செல்வர் சற்றும் எண்ணாமல் நீட்டும் தொகைக்கு முன் தோற்றுப்போவார். யாருடைய ஆவல் பெரிது? வரிசை என்ற ஏற்பாடு இந்தக் குறையை ஓரளவு நீக்கவே தோன்றியது. காலம் மட்டுமே எல்லாருக்கும் நாள் ஒன்றுக்கு இருபத்துநான்கு மணியாக அளந்து கொடுக்கப்பட்ட நாணயம். வரிசையும் முழு நீதி செய்துவிடுவதில்லை என்பதை மறுப்பதற்கில்லை. நாட்கூலி பெறுபவரால் நாள் முழுவதும் வரிசையில் நிற்க முடியாது. அதற்குக் குலுக்கல் போன்ற வேறு வழிகளைத் தேடலாம். ஆனால் வரிசையில் குறை இருக்கிறது என்பதற்காக வரிசையையே விலைக்கு வாங்கிவிடுவது குறையைத் தீர்க்கும் வழியாகாது.

மூன்றாவது வாதம் வணிகத்தின் பெருமையையே துணைக்கு அழைக்கிறது. ஆகையால் அதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் மரக்கலம் ஏறிக் கடல் கடந்த நம் முன்னோர், ஓரிடத்தில் மிகுந்து கிடந்ததை அது கிடைக்காத இடத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். அவர்கள் பெற்ற இலாபம் அவர்கள் கடந்த தொலைவுக்கு ஈடானது. புயலுக்கும் கடற்கொள்ளைக்கும் அஞ்சாத துணிவுக்கு உலகம் மகிழ்ந்து கொடுத்த கூலி அது. சீட்டுத் தரகர் கடந்த தொலைவு எது? இரசிகர் தாமே எட்டிப் பறிக்கக்கூடிய கிளையிலிருந்து கனியைப் பறித்து, உயரமான கிளையில் கட்டிவைத்து, ஏணிக்கு வாடகை கேட்கிறார். அவர் நீக்கிய தொலைவு அவரே உண்டாக்கிய தொலைவு. நோய்வாய்ப்பட்டதாலோ வேறு தடை நேர்ந்ததாலோ போக முடியாமற்போன ஒருவர், தாம் கொடுத்த விலைக்கே சீட்டை இன்னொருவருக்குக் கைமாற்றுவதை எவரும் குறை கூறார். அங்கே ஓர் இருக்கை வீணாகாமல் காக்கப்படுகிறது. இரண்டுமே மறுவிற்பனை என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை கூறலாம். விற்பவர் தாம் பெற்றிருக்கக்கூடிய விலையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால், அந்தப் பகுதி தெருவில் கிடக்கும் உடைமையற்ற பொருளன்று. அது ஒரு கொடை. கொடைக்கு முகவரி உண்டு. "என்னைக் கேட்க விரும்பும் எளியவருக்கு" என்று கலைஞர் அதன்மேல் எழுதி அனுப்புகிறார். இடைமறிப்பவர் கலைஞரின் பணத்தைத் தொடவில்லை. அவருடைய ஈகையைத் தமதாக்கிக் கொள்கிறார். பிறருக்கென ஒப்படைத்த பொருளை இடையில் எடுத்துக்கொள்வதற்கு நம் வழக்கில் அமானித மோசடி என்று பெயர். அதனால்தான் எவரும் ஏமாற்றப்படாதது போலத் தோன்றும்போதும் நம் நெஞ்சு ஒப்பவில்லை.

துண்டு துண்டாகச் சொல்லப்படும் விலை

கொடையை இடைமறிப்பவர் தெருமுனைத் தரகர் மட்டுமே என்று நினைத்துவிடலாகாது. சீட்டு விற்கும் சாளரத்திலேயே அது மறிக்கப்படுவதுண்டு. 'பேர்ல் ஜாம்' என்ற அமெரிக்க இசைக்குழு 1994ஆம் ஆண்டில், தன் சீட்டு மொத்தத்தில் 20 டாலரைத் தாண்டக்கூடாது என்றும், அதன்மேல் ஏற்றும் சேவைக் கட்டணம் 1.80 டாலருக்குள் அடங்க வேண்டும் என்றும் விரும்பியது. டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தோடு இதில் இணக்கம் ஏற்படவில்லை. குழுவினர் அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டனர். அக்குழுவைச் சேர்ந்த இருவர் 1994 ஜூன் 30 அன்று நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியும் அளித்தனர். 1995இல் நீதித்துறை தன் விசாரணையை முடித்துக்கொண்டது. மாற்றம் எதுவும் நிகழவில்லை. புகழின் உச்சியில் இருந்தவர்களாலேயே தம் இரசிகர்களுக்கு விலையைக் குறைத்துக் கொடுக்க இயலவில்லை.

அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2018இல் ஆராய்ந்தபோது, முதல் விற்பனையில் கட்டணங்கள் சராசரியாகச் சீட்டு விலையில் 27 விழுக்காடு என்றும், மறுவிற்பனையில் 31 விழுக்காடு என்றும் கண்டது. 2023 மார்ச்சில் 'தி கியூர்' என்ற ஆங்கில இசைக்குழுவின் சீட்டுகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. குழுவின் தலைவர் ராபர்ட் ஸ்மித், எளியவர்களுக்கென 20 டாலர் சீட்டுகளையும் வைத்திருந்தார். சீட்டுகள் கைமாறுவதற்கும் இயன்றவரை தடை விதித்திருந்தார். ஆனால் சிலருக்குக் கட்டணங்கள் சீட்டின் விலையையே மிஞ்சி நின்றன. அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். நிறுவனம் கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது: மிகக் குறைந்த விலைச் சீட்டுக்கு 10 டாலர், மற்றவற்றுக்கு 5 டாலர்.

இங்கே ஒரு நியாயத்தையும் கூறியாக வேண்டும். சீட்டு விற்பனைக்குச் செலவு உண்டு. அதற்கு ஊதியம் கேட்பது தவறன்று. அன்றியும், கட்டணம் முழுவதும் விற்பனை நிறுவனத்திடமே தங்கிவிடுவதில்லை. அரங்க உரிமையாளருக்கும் அதில் பங்கு போகிறது. ஆனால் இந்தப் பங்கீட்டில் ஓர் ஒழுக்கக் கேடு ஒளிந்திருக்கிறது. ஏச்சு ஒருவருக்கு, ஆதாயம் பலருக்கு என்று ஏற்பாடு செய்துகொண்டால், அந்த விலைக்குப் பொறுப்பாளி என்று எவரையும் சுட்ட முடியாது. முதல் பக்கத்தில் ஒரு விலையும் கடைசிப் பக்கத்தில் வேறொரு விலையும் காட்டுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. நிறுக்கும் கல்லில் குறை வைப்பது களவு என்றால், சொல்லும் விலையில் குறை வைப்பது மட்டும் எப்படி வணிகத் திறமையாகும்? வாங்குபவர் நேரத்தைச் செலவிட்டு, பிள்ளைகளிடம் வாக்கும் கொடுத்து, திரும்ப முடியாத நிலைக்கு வந்தபின் மீதி விலையைச் சொல்வது, அவருடைய ஆவலையே அவருக்கு எதிரான ஆயுதமாக்குவதாகும். மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வகுத்த விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் குறைந்தாக வேண்டும் என்று அவ்விதி கட்டாயப்படுத்தவில்லை. உண்மையைச் சொல் என்று மட்டுமே கேட்கிறது. அதைக் கேட்கவே ஒரு விதி தேவைப்பட்டது என்பதுதான் வருந்தத்தக்கது.

கலைஞர்கள் எல்லாரும் விட்டுக்கொடுப்பவர்களும் அல்லர். 'ஒயேசிஸ்' குழு பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒன்றுகூடிப் பாடப்போவதாக அறிவித்து, 2024 ஆகஸ்ட் 31 அன்று சீட்டுகளை விற்றபோது, ஏறத்தாழ 150 பவுன் என எண்ணி வரிசையில் நின்றவர்கள், மணிக்கணக்கில் காத்திருந்து முன்னால் வந்தபோது அதே நின்று பார்க்கும் இடத்துக்கு 355 பவுன் கேட்கப்பட்டது. தரகர் பறிக்கும் இலாபத்தைக் கலைஞரே பெற்றாலென்ன என்று இதற்குச் சமாதானம் கூறுவார்கள். தம் உழைப்புக்கு உயர்ந்த விலை கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஜென்னி லிண்ட்டின் ஏலத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஈகையாளர் என்ற பெயரையும் ஏலக்காரரின் வருவாயையும் ஒருங்கே பெற முயல்வது நேர்மையாகாது.

சந்தைக்குச் செல்லும் பாதை

விலைக்கு அரசு உச்சவரம்பு கட்ட வேண்டுமா என்ற வினா இங்கே எழுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து இதற்கு ஓர் ஒளி கிடைக்கிறது. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயிக்குமாறு தோழர்கள் வேண்டினார்கள்; நாயகம் அவர்கள் அதற்கு இசையவில்லை. ஆனால், சரக்குகளோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, அது சந்தையை அடையுமுன் வாங்கிக்கொள்வதைத் தடுத்தார்கள். இரண்டு ஹதீஸ்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு நெறி புலனாகிறது: சந்தையில் விலை தானே ஏறி இறங்கட்டும், ஆனால் சந்தைக்கு வரும் பாதையை எவரும் மறிக்கலாகாது.

இடைக்கால இங்கிலாந்தும் இதே குற்றத்தை அறிந்திருந்தது. சந்தைக்கு வரும் பொருளை வழியிலேயே வாங்குவதும், வாங்கிய சந்தையிலேயே மறுபடி விற்பதும் அங்கே தண்டனைக்கு உரியவை. தடையற்ற வணிகமே நாட்டுக்கு நலம் என்ற கொள்கை வலுத்தபின், 1772இல் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. எஞ்சியிருந்ததும் 1844இல் ஒழிக்கப்பட்டது. தானிய வணிகத்தில் அந்த மாற்றத்துக்குக் காரணங்கள் இருந்தன. விலை ஏறினால் உழவர் கூடுதலாக விதைப்பார். அடுத்த ஆண்டு வரத்துப் பெருகும். இசை அரங்கில் அது நடவாது. விலை பத்து மடங்கு ஏறினாலும் அந்த இரவில் அந்த அரங்கில் ஓர் இருக்கைகூடக் கூடுவதில்லை. ஆகவே தானியத்துக்குப் பொருந்திய வாதம் சீட்டுக்குப் பொருந்தாது.

பழைய நெறி இப்போது வேறு உருவில் திரும்பி வருகிறது. அயர்லாந்து 2021இல், நிகழ்ச்சிச் சீட்டுகளை மூல விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. பிரிட்டிஷ் அரசும் அத்தகைய தடை கொண்டுவரப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. அமெரிக்க நீதித்துறை 2024 மே மாதத்தில், 2010இல் ஒன்றாக இணைந்த லைவ் நேஷன், டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின்மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அரங்கும், கலைஞர் மேலாண்மையும், சீட்டு விற்பனையும் ஒரே கையில் சேர்ந்தால் பாதை குறுகும் என்ற அச்சமே அவ்வழக்கின் உயிர்.

நம் பங்கு

கடல் கடந்த நாடுகளின் கதை இது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 'கோல்ட்பிளே' குழு 2025 ஜனவரியில் மும்பையில் பாடுவதற்கான சீட்டுகள் 2024 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தன. விலை 2,500 ரூபாய் முதல் 35,000 ரூபாய் வரை. சில மணி நேரத்தில் அவை மறுவிற்பனையில் இலட்சங்களைத் தொட்டன. அக்டோபரில் அமலாக்கத்துறை மும்பை, டெல்லி, பெங்களூரு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் சோதனை நடத்தியது. அதற்கும் முன்பே, புதுப்படம் வெளியாகும் நாளில் கொட்டகை வாசலில் 'பிளாக்'கில் டிக்கெட் விற்றவர்களை நம் ஊர்கள் நன்கு அறியும். இரயில் டிக்கெட்டுகளை மொத்தமாகப் பிடித்து விற்பதை 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 143ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவருக்கான இருக்கை, அதிக விலை தருபவருக்கே போகட்டும் என்று எவரும் வாதிடுவதில்லை. நெறி அங்கும் இங்கும் ஒன்றே. அங்கே தேவை பெரிது என்பதால் அது நம் கண்ணுக்கு எளிதில் தெரிகிறது.

சட்டங்கள் வரட்டும், வந்தால் நன்மையே. ஆனால் எந்தக் கள்ளச்சந்தையும் இரண்டு கைகள் சேர்ந்தால்தான் நடக்கும். விற்கும் கையைப் பற்றி இதுவரை பேசினோம். வாங்கும் கையைப் பற்றியும் பேச வேண்டும். பிள்ளையின் ஆசை, ஒருமுறைதானே என்ற சமாதானம், நம்மிடம் இருக்கிறது, கொடுக்கிறோம் என்ற எண்ணம் ஆகிய இவை சேர்ந்து நல்லவர்களையும் அந்தத் தெருமுனைக்கு அழைத்துச் செல்கின்றன. மும்மடங்கு விலை கொடுத்து நாம் வாங்கும்போது, நாம் இழப்பது நம் பணத்தை மட்டுமன்று. அந்த இருக்கை யாருக்கென்று குறைந்த விலையில் வைக்கப்பட்டதோ அவரை வெளியே நிறுத்துவதற்கான கூலியையும் நாமே கொடுத்துவிடுகிறோம். அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் நூறு சீட்டுகளைப் பதுக்கத் தேவையான முதலையும் நாமே கொடுத்துவிடுகிறோம்.

அப்படியானால் ஏமாற்றத்தோடு வீட்டில் இருந்துவிட வேண்டியதுதானா என்று கேட்கலாம். சில நேரங்களில் ஆம் என்பதே விடை. வேண்டியதெல்லாம் கிடைத்தே தீர வேண்டும் என்ற எண்ணமே இந்த வணிகத்தின் மூலதனம். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று ஏற்றுக்கொள்ளும் குடும்பத்திடம் தரகருக்கு வேலையில்லை. அந்த ஏமாற்றத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும்போது, பணம் போதவில்லை என்று சொல்லாமல், அந்த விலை நமக்கு உரியதன்று என்று சொல்வோம். பணம் போதவில்லை என்பது நாளை மாறக்கூடும். உரியதன்று என்பது என்றும் நிற்கும்.

விட்டுக்கொடுப்பவர்கள் உலகில் மிகச் சிலரே. கூடுதலாகப் பெறக்கூடிய இடத்தில் குறைவாகக் கேட்கும் கலைஞரும், வணிகரும், மருத்துவரும் அந்தச் சிலரில் அடங்குவர். அவர்கள் விட்டுக்கொடுத்தது உரியவரைச் சேராமல் இடையிலேயே மறைந்துபோகிறது என்று அவர்கள் காணும்போது, அடுத்த முறை எதற்காக விட்டுக்கொடுப்பார்கள்? இந்த வணிகத்தால் விளையும் பெருந்தீங்கு இதுதான். ஓர் இரவின் பாட்டை நாம் இழக்கலாம், அது பெரிதன்று. கொடுக்க நினைப்பவரின் மனம் சலித்துப்போகும்படி விட்டுவிட்டால், அந்த இழப்பைப் பின்னர் எந்த விலை கொடுத்தும் ஈடுசெய்ய முடியாது.